ஆறாம் படுக்கைக்கு ஒரு பிடி அதிகம்

போன மாதம் ஒரு காலையில் முருகன் போன் செய்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திண்டிவனம் கம்பெனியில் இப்போது மென்பொருள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கூட்டேரிப்பட்டுக்காரர், என்னைவிட ஒன்பது வயது இளையவர், என்னை இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்.

“ஸ்டெல்லா மேடம், நம்ம பழைய புரோகிராம மொத்தமா தூக்கிட்டு புது மொழியில எழுதிக்கினு இருக்கறோம். யாரு எதப் புடிச்சிக்கினு இருக்கறா, யாரு உட்டுட்டா, எல்லாத்தையும் அந்த மொழியே பாத்துக்குது. தப்பா எழுதினா ஏத்துக்கவே மாட்டேங்குது. புதுசா வந்தவங்களுக்கு பிடி, விடுன்னா இன்னான்னே தெரியல. நீங்க நாலு பக்கம் எழுதிக் குடுங்க. விழுப்புரம் விஷயத்தையும் எழுதுங்க.”

“அதையுமா?”

“அத எழுதலன்னா மீதி எதுக்கு மேடம்?”

அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் சரி என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை. நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ஆள். இந்தச் சுபாவம் என் வேலைக்கு நல்லது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் பொய் என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

1993-ல் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். திண்டிவனத்துக்கு வெளியே ஹைவே ஓரம் ஒரு ஷெட், பதினான்கு பேர். மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி செய்தோம். ஒவ்வொரு படுக்கையருகிலும் ஒரு கருவி. எட்டுப் படுக்கைகளையும் ஒரே திரையில் காட்டுகிற கம்ப்யூட்டர் ஒன்று நர்ஸ் மேசையில் இருக்கும். யாருக்காவது துடிப்பு குறைந்தால் அந்த மேசையில் மணி அடிக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமை எழுதுவது எங்கள் வேலை.

பி.எஸ்சி. இயற்பியலும் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்துவிட்டு முகையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள் நான். முதல் வருடம் முழுக்க மற்றவர்கள் எழுதியதைப் படிக்க மட்டும்தான் விட்டார்கள். அதை விவரிக்க ஒன்றும் இல்லை. படித்தேன், தலை வலித்தது, மறுபடி படித்தேன்.

படிக்கச் சொன்னவர் கோவிந்தராஜ் சார். எங்கள் பிரிவின் பொறுப்பாளர். திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு போடுகிற குடும்பம். விழுப்புரத்தில் குடியிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பன்னிரண்டரை மணிக்கு டிபன் பாக்ஸைத் திறப்பார். கூரையே இடிந்து விழுந்தாலும் பன்னிரண்டரைக்குத் திறப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

எங்கள் புரோகிராமில் ஒரு நோயாளி வந்து சேர்ந்ததும் அவருக்கென்று நினைவகத்தில் ஒரு ரெக்கார்டு உருவாகும். பெயர், படுக்கை எண், துடிப்பு, மணி எப்போது அடிக்க வேண்டும் என்ற அளவு எல்லாம் அதில் இருக்கும். திரை அதைப் பயன்படுத்தும், மணி பயன்படுத்தும், பிரிண்டர் பயன்படுத்தும். நோயாளி வீட்டுக்குப் போனதும் ரெக்கார்டை அழித்து இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் நினைவகம் கையளவுதான். ஆனால் எப்போது அழிப்பது? சார் இதை எனக்குச் சொன்ன விதம் அப்படியே நினைவிருக்கிறது.

“கல்யாண வூட்ல ஜமக்காளம் விரிச்சிருக்குதும்மா. நாலு பேரு உக்காந்துக்கினு இருக்கறாங்க. அத எப்ப சுருட்டலாம்?”

“எல்லாரும் எழுந்ததும் சார்.”

“ஒருத்தரு உக்காந்துக்கினு இருக்கும்போதே உருவினா?”

“விழுந்துடுவாங்க.”

“எழுந்து போனவரு சொல்லாம போயிட்டா?”

“யாரோ இருக்கறாங்கன்னு அது அங்கியே கெடக்கும்.”

“அவ்ளோதான் நம்ம வேல. உக்காரும்போது சொல்லணும், எழுந்துக்கும்போது சொல்லணும். எண்ணிக்கை சைபருக்கு வந்தா சுருட்டணும்.”

உட்காருவதைச் சொல்கிற கட்டளைக்கு ‘பிடி’ என்றும் எழுவதைச் சொல்கிற கட்டளைக்கு ‘விடு’ என்றும் சார்தான் பெயர் வைத்திருந்தார். ரெக்கார்டைத் தொடுகிற எவரும் முதலில் பிடிக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்று கூடும். வேலை முடிந்ததும் விட வேண்டும், ஒன்று குறையும். சைபர் ஆனதும் ரெக்கார்டு தானே அழியும்.

கேட்க எளிதாக இருக்கும். எழுதும்போதுதான் உயிர் போகும். ஒரு வேலைக்குள் நுழைய ஒரு வாசல் என்றால் வெளியேற ஐந்து வாசல் இருக்கும். எல்லாம் சரியாக முடிந்தால் ஒரு வாசல். பேப்பர் தீர்ந்துபோனால் ஒன்று. ஒயர் கழன்றால் ஒன்று. நர்ஸ் நடுவில் ரத்து செய்தால் ஒன்று. நோயாளியை வேறு படுக்கைக்கு மாற்றினால் ஒன்று. ஐந்து வாசலிலும் ‘விடு’ இருக்க வேண்டும். நாலில் எழுதி ஒன்றில் மறந்தால், அந்த ஒரு வாசல் வழியாக யாராவது போகும் நாள் வரை எல்லாம் நன்றாகவே ஓடும். பயந்த சுபாவக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை கிடையாது.

அதற்காக சார் ஒரு முறை வைத்திருந்தார். எழுதி முடித்ததை ஓரத்தில் துளை போட்ட நீளத் தாளில் பிரிண்ட் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிடியையும் பென்சிலால் வட்டம் போட வேண்டும். ஒவ்வொரு விடுவையும் சதுரம். வட்டத்திலிருந்து அதற்குரிய சதுரங்களுக்கெல்லாம் கோடு இழுக்க வேண்டும். கோடு இழுப்பது எழுதியவர் வேலை. அதன் மேல் விரலை வைத்து வட்டத்திலிருந்து சதுரம் வரை நகர்த்திப் பார்ப்பது சாருடைய வேலை. கோடு இல்லாத வட்டம் இருந்தால் அவர் எதுவும் சொல்லமாட்டார். அந்தத் தாளை மட்டும் மடித்து நம் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். முதல் மூன்று வருடத்தில் ஏழு மடித்த தாள் வாங்கினேன். அதற்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

சேர்ந்து ஆறு வருடம் கழித்து விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எங்கள் கருவிகளைப் பொருத்தினோம். பொருத்திய இரண்டாவது வாரத்திலிருந்து நர்ஸ் மேசைத் திரை திடீர் திடீரென்று உறைந்து போக ஆரம்பித்தது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அந்த இரண்டு நிமிடம் எட்டுப் படுக்கைகளுக்கும் மணி கிடையாது. என்னை அனுப்பினார்கள்.

அங்கே பெரிய டாக்டர் என்னை நிற்கவைத்தே பேசினார். “இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள சரியாவணும். இல்லன்னா எல்லாத்தையும் கழட்டி எடுத்துக்கினு போயிடுங்க.”

காலையிலிருந்து தேடினேன். யாரோ உட்கார்ந்திருக்கும்போதே ஜமக்காளம் உருவப்படுகிறது என்பது மட்டும் புரிந்தது. அதாவது ஒரு ரெக்கார்டு அழிந்த பிறகும் யாரோ அதைத் தொடுகிறார்கள். யார் என்று பிடிபடவில்லை. பிரிண்டர் ஓடும்போது நடக்கிறது போலத் தெரிந்தது. ஆனால் நான் பிரிண்டரை ஓட்டினால் நடக்கவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு பெரிய டாக்டர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார். நாலு மணிக்கு மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நாலரைக்கு நான் அதைச் செய்தேன். நோயாளி சேருகிற இடத்தில் ஒரு பிடியை அதிகமாகச் சேர்த்தேன். அதற்கு விடு எங்கேயும் எழுதவில்லை. எண்ணிக்கை இனி சைபருக்கு வராது. எந்த ரெக்கார்டும் அழியாது. அழியாவிட்டால் அழிந்ததைத் தொட முடியாது. திரை உறைவது நின்றுவிட்டது.

ரெக்கார்டுகள் அழியாமல் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் நினைவகம் நிரம்புமே என்ற கவலை எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் விழுப்புரத்தில் அப்போது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கரண்ட் போகும். ஜெனரேட்டர் பிடிக்கிற அந்தச் சில நொடியில் கம்ப்யூட்டர் அணைந்து எழும். எழும்போது நினைவகம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அப்போது படுக்கையில் இருப்பவர்களுக்கு மட்டும் கருவிகளிலிருந்து புதிதாக ரெக்கார்டு உருவாகும். ஆக, என் தப்பை மின்வாரியம் தினமும் கழுவிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் நிதானமாக உட்கார்ந்து உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாரிடம் தாளைக் கொடுக்க வேண்டும். புதிய பிடியைச் சுற்றி வட்டம் போட்டேன். அதிலிருந்து கோடு இழுக்க ஒரு சதுரம் வேண்டுமே. பதினெட்டு வரிக்குக் கீழே, திரைக்கான பிடிக்கு உரிய ஒரு விடு ஏற்கனவே சதுரத்துக்குள் இருந்தது. அதற்கே இரண்டாவது கோட்டையும் இழுத்துவிட்டேன். ஒரு சதுரத்தில் இரண்டு கோடு வந்து முடியக்கூடாது என்பது எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். பென்சிலை அழுத்தாமல் மெலிதாக இழுத்தேன்.

அந்தத் தாள் மடிந்து என் மேசைக்கு வருமென்று மூன்று நாள் காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. அதே புரோகிராம் வேறு மருத்துவமனைகளுக்கும் போனது. நாலு வருடத்தில் விழுப்புரத்தோடு சேர்த்துப் பதினோரு இடம். ஒவ்வொரு இடத்துக்குப் போகும்போதும் சொல்லிவிடலாமா என்று நினைப்பேன். நாள் ஆக ஆகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. “இவ்ளோ நாளா ஏன் சொல்லல?” என்ற கேள்வியும் கூடச் சேர்ந்துகொண்டதுதான் காரணம்.

விழுப்புரம் மருத்துவமனையின் தலைமை நர்ஸ் லூர்து சிஸ்டர் எனக்கு நல்ல பழக்கம். அவரிடம் போனில் பேசும்போதெல்லாம், “சிஸ்டர், கரண்ட் போவுதா?” என்று விசாரிப்பேன். போகிறது என்றால் மனம் ஆறும். ஊரே கரண்ட் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டபோது போகவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் நானாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு லூர்து சிஸ்டரே போன் செய்தார். குரல் வழக்கம்போல இல்லை.

“மேடம், ஆறாம் படுக்கையில ஒரு அம்மாவுக்கு காலையில ஹார்ட்டு நின்னு போச்சு. இங்க மேசையில மணி அடிக்கவே இல்ல. ட்ரிப்ஸ் மாத்தப் போன பொண்ணுதான் பாத்துட்டு கத்துச்சு. ஷாக் குடுத்து இழுத்துக்கினு வந்துட்டோம். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா அவ்ளோதான்.”

“படுக்கைப் பக்கத்துல இருக்கற கருவி?”

“அது கத்திக்கினுதான் இருந்துச்சு. ஓரத்துப் படுக்க மேடம், ஏசி சத்தத்துல அது யாருக்குக் கேக்கும்? மேசை மணிய நம்பித்தான நாங்க உக்காந்துக்கினு இருக்கறோம்?”

அதற்குமேல் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “சிஸ்டர், கரண்ட் போவுதா?”

“இப்ப எங்க மேடம் போவுது? யூபிஎஸ் போட்டு ரெண்டு வாரம் ஆவுது.”

நாற்காலியில் உட்கார்ந்தேன். கரண்ட் போகாவிட்டால் பழைய ரெக்கார்டுகள் அப்படியே இருக்கும். ஆறாம் படுக்கையிலிருந்து போன வாரம் வீட்டுக்குப் போனவரின் ரெக்கார்டு உயிரோடு இருக்கும். திரை புது நோயாளியைச் சரியாகக் காட்டும். ஆனால் மணி, படுக்கை எண்ணை வைத்து ரெக்கார்டைத் தேடுகிறது, பழையதிலிருந்து தேடுகிறது. முதலில் கிடைப்பது வீட்டுக்குப் போனவர். வீட்டுக்கு அனுப்பும்போதே அவருக்கு மணி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதனால் மணி பேசாமல் இருக்கும். நினைவகம் நிரம்புவதைப் பற்றி நாலு வருடம் கவலைப்பட்டவளுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

செய்தி ஷெட் முழுக்கப் பரவியது. எல்லோர் பார்வையும் முருகன் மேல் போனது. மணி அடிக்கிற பகுதியைப் போன மாதம்தான் அவர் மாற்றி எழுதியிருந்தார். மாற்றிய புரோகிராமை விழுப்புரத்தில் போட்டுவிட்டு வந்ததும் அவர்தான். தன் தாள்களை மேசை முழுக்க விரித்துப்போட்டு முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், நீங்களும் ஒரு தபா பாருங்க. எனக்குத் தெரியல. எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஆனா நான் மாத்தினதுக்கு அப்புறம்தான இப்படி ஆச்சு?”

“பாக்கறேன்,” என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு போய் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் சோதனைக் கம்ப்யூட்டரில் ஒரு நோயாளியைச் சேர்த்தேன், அனுப்பினேன், அதே படுக்கையில் இன்னொருவரைச் சேர்த்தேன், துடிப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். மணி அடிக்கவில்லை. என் பிடியை எடுத்துவிட்டுச் செய்தேன். அடித்தது. அப்போது மணி பத்தேமுக்கால்.

சாரிடம் நான் சொன்னது பன்னிரண்டரைக்கு.

நடுவில் இருந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்கு எழுதக் கூசுகிறது. பதினோரு மருத்துவமனைகளில் அந்தப் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கெங்கே யூபிஎஸ் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எந்தப் படுக்கையின் மணி ஊமையாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது எனக்கு மட்டும் தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை எழுந்து சார் மேசை வரை போய், பக்கத்துப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட அந்த மெலிதான கோட்டை அவர் பார்ப்பாரே என்ற பயம் பெரிதாக இருந்தது. முருகன் எதிரில் உட்கார்ந்து அதே பக்கத்தை நாலாவது தடவையாகப் புரட்டிக்கொண்டிருந்தார். சுயநலம் என்பது என்ன என்று அன்று எனக்குத் தெரிந்தது.

சார் டிபன் பாக்ஸைத் திறந்தார். நான் போய் நின்றேன்.

“சார், முருகன் மேல தப்பு இல்ல. என்னுது. நாலு வருஷத்துக்கு முன்னாடி விழுப்புரத்துல ஒரு பிடி கூடப் போட்டேன். விடு போடல. உங்ககிட்ட குடுத்த தாள்ல பொய்யா கோடு இழுத்தேன்.”

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டிபன் பாக்ஸை மூடினார்.

“அதோட எந்தெந்த ஊர்ல ஓடுது?”

“எல்லா ஊர்லயும் சார்.”

அடுத்த அரைமணி நேரம் அவர் போனை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இதையே சொன்னார். “எங்க புரோகிராம்ல தப்பு இருக்குது. கம்ப்யூட்டர ஒரு தபா அணைச்சிப் போடுங்க. புதுசா யாரயாவது சேத்தா திரும்பவும் அணைச்சிப் போடுங்க. நாங்க வர்ற வரைக்கும் மணிய நம்பாதீங்க. ஒவ்வொரு படுக்கைக்கிட்டயும் ஒரு ஆள உக்கார வைங்க.” ஒரு இடத்தில் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினார்கள். கேட்டுக்கொண்டு, “சரிங்க, ஜல்தியா பண்ணுங்க,” என்று மட்டும் சொன்னார். மற்ற பத்து இடங்களிலும் எதுவும் நடந்திருக்கவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பிறகு பழைய தாளைக் கேட்டார். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் வட்டத்தில் விரலை வைத்து மெதுவாகக் கீழே நகர்த்தினார். இரண்டு கோடு முடிகிற சதுரத்தில் விரல் நின்றது.

“கோடு இருக்குது,” என்றார். “எங்க போய் முடியுதுன்னு நான் பாக்கல. நீங்க வந்து மூணு வருஷத்துக்கு அப்புறம் ஒங்க கோட்ட நான் பாக்கறதையே உட்டுட்டேன்மா. ஸ்டெல்லா போட்டா சரியாத்தான் இருக்கும்னு.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயே அழுதேன். முருகன் எழுந்து வெளியே போய்விட்டார்.

“அழுவறதுக்கு அப்புறம் நேரம் இருக்குது. உண்மையான காரணத்தக் கண்டுபுடிக்கணும். அவர வரச் சொல்லுங்க.”

மூன்று பேரும் உட்கார்ந்தோம். ரெக்கார்டைத் தொடுகிற ஒவ்வொரு இடத்தையும் நான் சத்தமாகப் படிக்க வேண்டும். அதற்குப் பிடி எங்கே, விடு எங்கே என்று முருகன் சொல்ல வேண்டும். சார் விரலை நகர்த்துவார். பிரிண்டர் பகுதிக்கு வந்தபோது முருகன், “இங்க பிடியே இல்லயே மேடம்,” என்றார். பிரிண்டர் ரெக்கார்டைப் பிடிக்காமலே தொட்டுக்கொண்டிருந்தது. சாதாரணமாக நொடியில் அச்சிட்டு முடித்துவிடும், தெரியாது. பேப்பர் தீர்ந்துபோனால் காத்திருக்கும். காத்திருக்கும்போது நோயாளி வீட்டுக்குப் போய்விட்டால் ரெக்கார்டு அழிந்துவிடும். பிறகு யாராவது பேப்பர் வைத்தால், பிரிண்டர் அழிந்ததைத் தொடும், திரை உறைந்துவிடும். அன்று விழுப்புரத்தில் நான் சோதித்தபோதெல்லாம் பேப்பர் இருந்தது. ஒரு பகல் முழுக்க எனக்குக் கிடைக்காதது மூன்று பேராக நாற்பது நிமிடத்தில் கிடைத்தது.

பிரிண்டருக்குப் பிடி போட்டோம். அதன் ஐந்து வாசலிலும் விடு போட்டோம். என் பிடியை எடுத்தோம். பேப்பரை உருவியும் வைத்தும் முப்பது தடவை சோதித்தோம். திருத்தியதைப் பிளாப்பி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு மூன்றரை மணி பஸ்ஸில் நானும் சாரும் விழுப்புரம் கிளம்பினோம். மற்ற ஊர்களுக்கு முருகனும் இன்னும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். பஸ்ஸில் பிளாப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பெரிய டாக்டரிடம் சாரே பேசினார். “எங்க தப்புதான் டாக்டர். வூட்டுக்குப் போன பேஷன்டோட ரெக்கார்டு அழியாம நின்னுபோச்சு. நான் பாத்திருக்கணும், பாக்கல.” என் பெயரைச் சொல்லவில்லை. பெரிய டாக்டர் என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுதவில்லை. சொன்னதெல்லாம் நியாயம். எல்லாம் முடிந்த பிறகு, “போட்டுட்டு, அந்தப் படுக்கைக்கிட்ட நின்னு எனக்கு மணிய அடிச்சிக் காட்டுங்க,” என்றார்.

புரோகிராமைப் போட்டேன். ஆறாம் படுக்கையில் இருந்தவர் பெயர் அஞ்சலை. ஐம்பது வயது இருக்கும். கண் மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அவர் கணவர் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். சார் போனில் சொன்னபடி அவரை உட்கார வைத்திருந்தார்கள். படுக்கையருகில் இருக்கிற கருவித் திரையின் எண் ஐம்பதுக்குக் கீழே போனால் கத்தச் சொல்லி லூர்து சிஸ்டர் சொல்லியிருந்தார். ஏழுமலை மத்தியானத்திலிருந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றபோதுகூடத் திரும்பவில்லை.

ஒயரைக் கழற்றினேன். நர்ஸ் மேசையில் மணி அடித்தது. பெரிய டாக்டர் கேட்டுவிட்டுப் போனார். ஒயரை மாட்டினேன். ஏழுமலை அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் இந்த மிஷின சரி பண்ண வந்தவங்களாம்மா?”

“ஆமாங்க.”

“நல்லா இருப்பீங்க. காலையில இது கத்தாம உட்டுடுச்சாம். நீங்க வரலன்னா இன்னா ஆயிருக்கும்.”

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டரிடம் சார் சொன்னார். இவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றுவரை அதற்கு என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை.

“இனிமே இது கத்துமாம்மா?”

“கத்துங்க.”

“நெசமா?”

“நெசமாத்தாங்க.”

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “காலையில இருந்து பல்லுல தண்ணி படல. நீங்க சொல்றீங்க, நம்பிப் போறேன். எதிர்ல டீக்கடையில ரெண்டு பன்னு தின்னுட்டு வந்துட்றேன்.”

அவர் போனதும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். திரையில் எழுபத்தெட்டு என்று இருந்தது. மணியை என் காதாலேயே கேட்டிருந்தேன். ஐந்து வாசலையும் மூன்று பேர் பார்த்திருந்தோம். இருந்தும் என்னால் அந்த எண்ணை நம்ப முடியவில்லை. அஞ்சலையம்மாவின் மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, துடிப்பை எண்ண ஆரம்பித்தேன். நாற்பதோ நாற்பத்தொன்றோ எண்ணும்போது அந்த அம்மா கண்ணைத் திறந்தார்.

“ஏம்மா,” என்றார், காற்று மாதிரிக் குரலில். “ஏன் எங் கையப் புடிச்சிக்கினு இருக்கற?”

“ஒண்ணும் இல்லம்மா. நீங்க தூங்குங்க,” என்றேன். அதைச் சொல்வதற்குள் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.